ஷூட்டிங் முடிந்த சுயாதீனப் படம் எப்போது உண்மையில் முடிகிறது, முடிந்தபின் அதை விட்டு எப்படி நகர்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில், சொந்தக் காசும் நண்பர்கள் காசும் போட்டு, ஏறக்குறைய 100 நிமிடப் படம் ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். ஷூட்டிங் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியும் எடிட் மாறிக்கொண்டே இருக்கிறது. படம் முடிந்தது என்று எப்போது முடிவுகட்டுவது, அதன்பின் அடுத்த வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க இது மனசு சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரி இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் முக்கால்வாசி வேலைமுறை சம்பந்தப்பட்டது. மனசைக் கேட்டால் எந்தப் படமும் முடியாது. பர்ஸ்ட் காப்பி (தியேட்டரில் ஓட்டத் தயாரான முழுப் பிரதி), அதற்குரிய பைல்கள், அதற்குரிய காகிதங்கள், இந்த மூன்றும் இன்னொருவர் கையில் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் படம் முடிந்தது. அதில் ஒன்று பாக்கியிருந்தாலும் அது உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

எடிட்டை எங்கே நிறுத்துவது என்பதற்கு உறுதியான விதி இல்லை, நம்பத்தக்க அடையாளங்கள் உண்டு. கடைசி மூன்று வெர்ஷன்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் தூக்கிய காட்சியை அடுத்ததில் திரும்பச் சேர்த்து, அதற்கடுத்ததில் மறுபடி தூக்கியிருந்தால் படம் முன்னேறவில்லை, உங்களுக்குச் சலித்துவிட்டது என்றுதான் அர்த்தம். அந்தக் கட்டத்தில், படத்தோடு சம்பந்தமே இல்லாத எட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்து நிறுத்தாமல் முழுப் படத்தையும் ஓட்டுங்கள். யூனிட் ஆட்கள், சொந்தக்காரர்கள், சினிமா எடுக்க ஆசைப்படும் தம்பிகள் வேண்டாம். முடிந்ததும் "எப்படி இருந்துச்சு" என்று கேட்காமல், கதையை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தப்பாகச் சொல்கிறார்களோ அங்கேதான் வேலை பாக்கி. யார் எப்போது போனை எடுத்தார்கள் என்பதையும் டைம்கோடோடு (படத்தில் அது எத்தனையாவது நிமிடம், விநாடி என்ற எண்ணோடு) குறித்துக்கொள்ளுங்கள். எங்கே இடறுகிறது என்று பார்த்தவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும், அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வது அவ்வளவு சரியாக இருக்காது. இப்படி இரண்டு முறை போதும்.

எடிட்டை லாக் செய்வதற்கு, அதாவது இனி மாற்றுவதில்லை என்று பூட்டுவதற்கு, முன் இரண்டு விஷயங்களைச் சலித்தெடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டுமே பின்னால் காட்சியை வெட்டவைக்கும். முதலாவது விலங்குகள். மதுரைப் பக்கம் எடுக்கும் படத்தில் ஆடு, மாடு, சேவல் இல்லாமல் இருக்காது. நடிப்புக்குப் பயன்படுத்தும் விலங்குகள் பற்றிய 2001-ஆம் ஆண்டு மத்திய விதிகள் இதற்கு உண்டு. படப்பிடிப்புக்கு முன்பே விலங்கு நல வாரியத்துக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். எடுத்தபின் அவர்களின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாமல் சென்சார் நகராது. வாரியத்தின் அலுவலகம் இப்போது சென்னையில் இல்லை, ஹரியானாவில் பல்லப்கரில் இருக்கிறது. ஜல்லிக்கட்டுக்குத்தான் 2017-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்துவிட்டதே என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் திருத்தம் ஜல்லிக்கட்டு நடத்துவதற்கானது. காளையை வைத்துச் சினிமாக் காட்சி எடுப்பதற்கான நடைமுறை அதனால் போய்விடவில்லை. ஆகவே விலங்கு தெரியும் ஒவ்வொரு ஷாட்டையும் டைம்கோடோடு பட்டியலிடுங்கள். முன் அனுமதி இருந்ததா, வளர்ப்பவர் யார், கால்நடை மருத்துவர் சான்று இருக்கிறதா, சிஜியா (கணினியில் உருவாக்கியதா) என்று பக்கத்தில் எழுதுங்கள். அனுமதி வாங்காமல் எடுத்த ஷாட்டுக்குச் சான்று பின்னால் கிடைக்குமா என்பது ஷாட்டைப் பொறுத்தது, நம்பி உட்காரக் கூடாது. கோயில் கிடாவெட்டை நேராகக் காட்டியிருந்தால் தயங்காமல் நீக்கிவிடுங்கள். வெட்டும் கணத்தில் பார்க்கிறவர்களின் முகமும் உறுமிச் சத்தமும் போதும்.

இரண்டாவது, தற்செயலாகப் பதிவான பாட்டு. டீக்கடை எஃப்எம், பஸ் ஸ்பீக்கர், பொங்கல் வைப்புக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் என்று லைவ் சவுண்டில் எங்கோ ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையோ, சுவர் ஓவியமோ, பின்னணியில் தற்செயலாக வரும் ஓவியமோ படத்தில் வந்தால் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அந்த விலக்கு கலைப்படைப்புகளுக்குத்தான், பாட்டுக்குக் கிடையாது. நான்கு விநாடிதானே என்கிற கணக்கும் சட்டத்தில் இல்லை. வசனத்தின் அடியில் ஓடும் பாட்டைப் பிரித்தெடுக்க இன்று மென்பொருள்கள் இருக்கின்றன. டீக்கடை வானொலி அளவுக்கு அவை ஓரளவு உதவும். குழாய் ஸ்பீக்கர் எதிரொலியோடு கலந்துவிட்டால் குரலும் சேர்ந்து சிதையும். அந்தக் காட்சிக்கு டப்பிங்தான் வழி.

லாக் என்றால் லாக். அதன்பின் மூன்றாவது ரீலில் இரண்டு விநாடி வெட்டினால் வசனம், எஃபெக்ட்ஸ், பின்னணி இசை, சப்டைட்டில், நிறம் சரிசெய்யும் டிஐ வேலை எல்லாமே அந்த இடத்துக்கு அப்புறம் இரண்டு விநாடி தள்ளிப்போகும். ஒவ்வொருவரும் மறுபடி உட்கார வேண்டும். ஷாட்டை மாற்றியே தீரவேண்டுமென்றால் அதே நீளத்துக்கு மாற்றுங்கள். சுமார் 20 நிமிட ரீல்களாகப் பிரித்து, ஒவ்வொரு ரீலின் முதல் பிரேமுக்கு 2 விநாடி முன்னால் ஒரு பிரேம் அளவு பீப் வைத்து அனுப்பினால் படமும் ஒலியும் ஒத்துப்போகாத சிங்க் சிக்கல் வந்த உடனே பிடிபடும்.

நீங்கள் கேமரா, போன், ட்ரோன் மூன்றையும் கலந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். இங்கேதான் எனக்குக் கவலை. தியேட்டர் காப்பிக்குப் பாதுகாப்பான வேகம் விநாடிக்கு 24 பிரேம். டைம்லைன் 25-இல் இருந்தால், 24-க்கு மாற்றும்போது 100 நிமிடப் படம் 104 நிமிடம் 10 விநாடியாக நீளும், சுருதியும் இறங்கும். சுருதியைச் சரிசெய்யலாம், ஆனால் அது தெரிந்தே செய்த முடிவாக இருக்க வேண்டும். 23.976-க்கும் 24-க்கும் வித்தியாசம் இல்லை என்று விடுகிறவர்கள் அதிகம். படம் ஒரு கணக்கிலும் சவுண்ட் இன்னொரு கணக்கிலும் போனால் 100 நிமிடத்தின் முடிவில் உதடும் குரலும் 6 விநாடி விலகி நிற்கும். போன் கிளிப்புகள் பெரும்பாலும் மாறும் பிரேம் வேகத்தில் பதிவாகும். அவற்றை நிலையான வேகத்துக்கு மாற்றி, டைம்லைனில் பழைய கிளிப்புக்குப் பதிலாக வைத்தபின்தான் லாக்.

பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதைச் சவுண்டில் போடுங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார், வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். ஊர்க்காரர்களை நடிக்க வைத்திருக்கிறீர்கள். அவர்களைச் சென்னையில் கண்ணாடி அறைக்குள் நிறுத்தி ஹெட்போன் மாட்டினால் குரல் விறைத்துவிடும். சோழவந்தானோ செக்கானூரணியோ, அவர்கள் இருக்கும் இடத்துக்கே மைக்கைக் கொண்டுபோங்கள். அதே திண்ணை, அதே தூரம். திரையைப் பார்த்து உதடு பொருத்தச் சொல்லாமல், காட்சியின் ஒலியைக் காதில் ஒருமுறை போட்டுக் காட்டி, உடனே ஐந்தாறு தடவை சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். அதிலிருந்து எடிட்டர் பொருத்திக்கொள்வார். கிளம்புவதற்கு முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வசனத் துண்டுகளுக்கு நடுவில் அதைப் போட்டு நிரப்பாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும். ஜெனரேட்டர், டியூப்லைட் இரைச்சல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150-லும் இருக்கும். அந்தப் புள்ளிகளை மட்டும் குறுகலாக வெட்டினால் போதும், ஒட்டுமொத்தமாக இரைச்சல் நீக்கியை ஓட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

எல்லா ஒலிகளையும் சேர்க்கும் கடைசி வேலையான மிக்ஸ் 5.1-இல் (முன்னால் மூன்று ஸ்பீக்கர், சுற்றிலும் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று) இருக்கட்டும். ஸ்டீரியோவில் மட்டும் முடித்தால் வசனம் இடது, வலது ஸ்பீக்கர்களிலிருந்துதான் வரும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து பேசுவது போலிருக்கும். முழு 5.1-க்கு வசதியில்லை என்றாலும் வசனத்தையாவது சென்டரில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். தியேட்டர் மிக்ஸை அப்படியே ஓடிடிக்குக் கொடுக்க முடியாது. உதாரணமாக நெட்ப்ளிக்ஸ் வசனத்தை வைத்து அளந்து -27 எல்கேஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) கேட்கிறது. வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் தனித்தனி ஸ்டெம்களாக (பிரித்த ஒலி பைல்களாக) வாங்கி வைத்துக்கொண்டால் இந்த மறுமிக்ஸ் சின்ன வேலை. வாங்காமல் விட்டால் மொத்த மிக்ஸும் முதலிலிருந்து.

டிஐ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அளவிட்டுச் சரிசெய்த மானிட்டரில் செய்யுங்கள், அவ்வளவுதான். டைட்டிலில்தான் தமிழுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. சில எடிட்டிங் மென்பொருள்களில் தெற்காசிய எழுத்து வசதியை அமைப்புகளில் மாற்றாவிட்டால் ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது இன்னொரு கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். டைட்டில் அட்டைகளைப் படங்களாக மாற்றி வைத்துவிடுங்கள். பெயர்ப் பட்டியலைச் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் அனுப்பி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து சரியா என்று பதில் வாங்குங்கள். சம்பளம் வாங்காமல் உழைத்தவருக்கு அந்த ஒரு வரிதான் கூலி.

தியேட்டருக்குப் போவது டிசிபி, அதாவது தியேட்டர் சர்வர் ஓட்டும் டிஜிட்டல் பைல் தொகுப்பு. 2கே அளவில் ப்ளாட் என்கிற வழக்கமான சட்டகம் 1998×1080 பிக்சல், ஸ்கோப் என்கிற அகலச் சட்டகம் 2048×858. நீங்கள் எடுத்த 1920×1080 படத்தை ப்ளாட்டில் வைத்தால் இரண்டு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு வரும். அதை அப்படியே விடலாம், இழுத்துப் பொருத்தக் கூடாது. டேட்டா வேகத்தின் உச்சவரம்பு விநாடிக்கு 250 மெகாபிட். 100 நிமிடத்துக்கு அதிகபட்சம் 187 ஜிபி அளவுக்கு வரும், நடைமுறையில் இதைவிடக் குறையும். டிசிபி-ஓ-மேட்டிக் என்கிற இலவச மென்பொருளே இதைச் சரியாகச் செய்கிறது. டிஸ்க்கை லினக்ஸின் இஎக்ஸ்டி2 அல்லது இஎக்ஸ்டி3 முறையில் பார்மட் செய்யுங்கள், எக்ஸ்பாட் முறையில் பார்மட் செய்த டிஸ்க்கைப் படிக்காத சர்வர்கள் உண்டு. சின்ன விழாக்களுக்குப் பூட்டுப்போட்ட (டிஜிட்டல் சாவி இருந்தால் மட்டும் ஓடும்) டிசிபி அனுப்ப வேண்டாம் என்பேன். திருட்டுப் பயத்தைவிட, சாவி வேலை செய்யாமல் ஷோ நின்றுபோகும் ஆபத்து அங்கே அதிகம். அனுப்புவதற்கு முன், திருமங்கலத்திலோ மேலூரிலோ ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன்னால் நேரம் கேட்டு வாடகைக்கு எடுத்து, முதலிலிருந்து கடைசி டைட்டில் வரை ஓட்டிப் பாருங்கள். இரவுக் காட்சிகளில் முகம் தெரிகிறதா, இடது வலது மாறியிருக்கிறதா, சப்டைட்டிலின் அடிவரி திரையின் மறைப்பில் வெட்டுப்படுகிறதா என்பதைக் கவனியுங்கள். சப்டைட்டில் இரண்டு வரிக்கு மிகாமல், வரிக்கு 40 எழுத்துக்குள், குறைந்தது ஒரு விநாடி நிற்க வேண்டும். தமிழே தெரியாத ஒருவர் அதைப் படித்துச் சரிபார்த்திருக்க வேண்டும்.

சென்சாரில் உறுதியானவை இவை. தியேட்டருக்கும் டிவிக்கும் சான்றிதழ் கட்டாயம். ஓடிடிக்குச் சட்டப்படி தேவையில்லை, 2021 விதிகளின்படி தளமே வகைப்படுத்திக்கொள்கிறது. வாங்குகிறவர்கள் சான்றிதழ் கேட்பது அவரவர் வழக்கம். திரைப்பட விழாக்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு உண்டு. 2023 சட்டத்திருத்தத்துக்குப் பின் யுஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது, 10 ஆண்டு என்றிருந்த சான்றிதழின் ஆயுள்காலமும் நீக்கப்பட்டுவிட்டது. சென்சார் முடிவை எதிர்த்து முறையிடும் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டதால், சென்சாரின் மறுபரிசீலனைக் குழுவுக்கும் அப்பால் போக உயர் நீதிமன்றம்தான். பீடி, சிகரெட் வரும் ஷாட்களில் கீழே எச்சரிக்கை வாசகமும், தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னும் சுகாதாரப் படமும் வேண்டும். எத்தனை வெட்டு சொல்வார்கள், எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று காசு கேட்கிறவரை நம்பாதீர்கள்.

விழாவா, ரிலீஸா, எது முதலில் என்பதற்கு என் பதில் விழாதான். யூடியூபில் ஏற்றிவிட்டாலோ தியேட்டரில் போட்டுவிட்டாலோ பெரிய விழாக்கள் கேட்கும் முதல் திரையிடல் தகுதி போய்விடும், திரும்ப வராது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் எடுத்த 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, அங்கே நடந்த அதன் முதல் திரையிடலில்தான். ராட்டர்டாம் ஜனவரிக் கடைசி, பெர்லின் பிப்ரவரி, லொகார்னோ ஆகஸ்ட், பூசான் பெரும்பாலும் செப்டம்பர்-அக்டோபர், கோவா நவம்பர், திருவனந்தபுரமும் சென்னையும் டிசம்பர். எடிட் நிலையிலேயே இருக்கும் படங்களுக்குக் கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்எப்டிசி) நடத்தும் படச் சந்தையான பிலிம் பஜாரில் (இப்போது வேவ்ஸ் பிலிம் பஜார்) தனிப் பட்டறை உண்டு. உங்கள் படம் இன்னும் மிக்ஸாகவில்லை என்பதால் இதை முதலில் பாருங்கள். வேலை முடிந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள்ளான படத்தைத்தான் பல விழாக்கள் எடுக்கும், ஆகவே படம் முடிந்த தேதியை அவசரப்பட்டு எங்கும் அறிவிக்காதீர்கள். விழாக்களுக்கு 12 மாதம், ஒரு நிலையான தொகை என்று வரம்பு வையுங்கள். தேர்வாவது எதைப் பொறுத்தது என்பதற்கு நம்பகமான சூத்திரம் கிடையாது.

ரிலீஸ் பேச்சு வந்தால், மதுரை-ராமநாதபுரம் ஏரியாவில் முதல் படத்துக்கு மினிமம் கேரண்டி (வசூல் எப்படியிருந்தாலும் முன்கூட்டியே தரும் உறுதித் தொகை) கிடைப்பது அபூர்வம், கமிஷன் அடிப்படையில்தான் பேசுவார்கள். போஸ்டர், டிஜிட்டல் திரையிடல் கட்டணம் உங்கள் தலையில். எல்லாவற்றையும் சேர்த்து நெகட்டிவ் உரிமையாக ஒரே தொகைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். தியேட்டர், சாட்டிலைட், டிஜிட்டல், டப்பிங், ரீமேக், வெளிநாடு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வருடக் கணக்கு எழுதுங்கள். உங்கள் பக்கமும் காகிதம் வேண்டும். இசையமைத்த நண்பர் வாய்வார்த்தையாகத் தந்த உரிமை செல்லாது, காப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி எழுத்திலும் கையெழுத்திலும் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாசகங்களை ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள். சிறுவர்கள் நடித்திருந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதியும், அவர்கள் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவர்கள் பெயரில் வைப்பு நிதியில் போட்டதற்கான ரசீதும் கோப்பில் இருக்க வேண்டும்.

இனி நகர்வது பற்றி. படத்தை விட்டுப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் தீராத கணக்கு. காசு போட்டவர்கள், சம்பளம் பாக்கியுள்ளவர்கள் எல்லோருக்கும் ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். மொத்தச் செலவு இவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி, வரவு வந்தால் எந்த வரிசையில் தருவோம். முதலில் சம்பள பாக்கி, பிறகு போட்ட முதல், பிறகு லாபப் பங்கு என்பது நியாயமான வரிசை. நகையை அடகு வைத்தோ வட்டிக்கோ வாங்கியது இருந்தால், அது படத்தின் வரவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதை வீட்டுக் கடனாக நினைத்து மாதாமாதம் வேறு சம்பாத்தியத்திலிருந்து அடையுங்கள். படம் வசூலித்துக் கடனை அடைக்கும் என்ற நினைப்புதான் பல பேரை எடிட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கவைக்கிறது.

பைல்களைப் பொறுத்தவரை, டைட்டில் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு ப்ரோரெஸ் 422 எச்கியூ (உயர்தர வீடியோ பைல் வகை) மாஸ்டர் (1080-இல் 24 பிரேமுக்கு 100 நிமிடம் ஒவ்வொன்றும் சுமார் 132 ஜிபி), ஸ்டெம்கள், டிசிபி, சப்டைட்டில், புராஜெக்ட் பைல், ஒப்பந்தங்களின் ஸ்கேன், எல்லாம் மூன்று பிரதிகள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். புராஜெக்ட் பைலை மட்டும் நம்பாதீர்கள், ஐந்து வருடத்தில் மென்பொருள் மாறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைச் செருகித் திறந்து பாருங்கள்.

இசைக்கு, மிக்ஸுக்கு, சென்சாருக்கு, விழா பதிலுக்கு என்று மாதக்கணக்கில் காத்திருப்பு வரும். அந்த நாட்களில் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், குறை மட்டும்தான் கண்ணில் படும். அடுத்த கதையை அப்போதே எழுதத் தொடங்குங்கள். முடித்தபின் ஒரு வெறுமை வருவது சகஜம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுவதில் தயக்கம் வேண்டாம். அடுத்த படத்தின் முதல் நாளுக்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. கேமரா, போன், ட்ரோன் எல்லாவற்றையும் 24 பிரேமில் வையுங்கள். ஷட்டர் 1/50, அதாவது 172.8 டிகிரி, அப்போதுதான் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் விளக்குகள் துடிக்காது. விலங்கு அனுமதிக்கான விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இசையமைப்பாளர் உட்பட எல்லோரின் கையெழுத்தும் ஷூட்டிங்குக்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டும்.